குருணை மருந்தைக் கையில் எடுப்பதற்கு முன்னால்

நீலகிரியில் குருணை மருந்து, அதாவது மண்ணில் தூவுகிற மணி மணியான பூச்சிக்கொல்லி, என்றால் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1961-ல் இங்கே உருளைக்கிழங்கில் வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழு இருப்பது தெரிந்த பிறகு, பல வருஷங்களாகத் தோட்டத்தில் குருணை போட்டுப் பழகிய ஊர் இது. அந்தப் பழக்கம் அப்படியே வீட்டு முன்னால் இருக்கும் புல்தரைக்கும் ரோஜாத் தொட்டிக்கும் வந்துவிட்டது. மணல் மாதிரி இருக்கிறது, வாசனையும் பெரிதாக இல்லை, தெளிக்கிற வேலையும் இல்லை, அதனால் உரம் போடுவது போல வெறுங்கையால் அள்ளி வீசுகிறோம். எனக்குப் பயமே அங்கேதான்.

இந்த மருந்து மண்ணின் மேலேயே கிடந்து வேலை செய்வதில்லை. தண்ணீரில் கரைந்து, வேர் வழியாக ஏறி, தண்டு, இலை, மொட்டு எல்லாவற்றுக்கும் போகிறது. ஊடுருவிப் பாயும் மருந்து என்று சொல்வது இதைத்தான். இலையில் சாறு உறிஞ்சுகிற அசுவினி சாகிறது, சரி, ஆனால் அதே சாறுதான் பூவின் தேனுக்கும் மகரந்தத்துக்கும் போகிறது. நம் ஃபுஷியாப் பூவில் தலைகீழாகத் தொங்கித் தேன் குடிக்கிற தேன்சிட்டும், அடுக்குத் தேனீயும், பாறைத்தேன் கட்டுகிற பெரிய தேனீயும் அதைத்தான் குடிக்கின்றன. இப்படி ஊடுருவிப் பாயும் இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சம் வகை மருந்துகளைத் திறந்தவெளியில் போடக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் நிறுத்தியதே தேனீக்களுக்காகத்தான்.

அதனால் முதல் வேலை, மருந்து தேவையா என்று பார்ப்பது. புல்தரை திட்டுத் திட்டாக மஞ்சளானால் உடனே வேர்ப்புழு, அதாவது மண்ணுக்குள் இருந்து வேரைத் தின்னும் வண்டின் புழு, என்று முடிவு கட்டாதீர்கள், பனி விழுந்து கருகியிருக்கலாம், தண்ணீர் தேங்கியிருக்கலாம். மஞ்சள் திட்டின் ஓரத்தில், அதாவது பச்சையும் மஞ்சளும் சேரும் இடத்தில், ஒரு அடிக்கு ஒரு அடி அளந்து மூன்று பக்கம் வெட்டி, பாயைச் சுருட்டுவது போலப் புல்லைத் தூக்கிப் பாருங்கள். கீழே மூன்று அங்குல மண்ணைக் கிளறி, வளைந்து படுத்திருக்கும் வெள்ளைப் புழுக்களை எண்ணுங்கள். நாலைந்துக்குள் இருந்தால் நல்ல புல் அதைத் தாங்கிக்கொள்ளும், மருந்தே வேண்டாம். பத்துக்கு மேல் இருந்தால் யோசிக்கலாம். ராத்திரியில் காட்டுப்பன்றி வந்து புல்தரையைக் கிண்டிப் போட்டிருந்தாலும் கீழே புழு இருக்க வாய்ப்பு அதிகம்.

காலமும் முக்கியம். ஏப்ரல், மே மாதத்தில் கோடை மழை விழுந்ததும் இந்தப் புழுவின் தாய் வண்டு வெளியே வரும், முட்டை வைக்கும், அப்புறம் வரும் சின்னப் புழுவைத்தான் மருந்து கொல்லும். பெருத்த புழுவுக்குக் குருணை போடுவது பணமும் வீண், மண்ணும் வீண். உண்மையைச் சொன்னால் வண்டு பறக்கிற அந்த ராத்திரிகளில் ஒரு விளக்கு வைத்து, கீழே சோப்புத் தண்ணீர் ஊற்றிய தட்டு வைத்துப் பிடிப்பது, மக்காத சாணத்தைப் புல்தரையில் கொட்டாமல் இருப்பது, புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சாணத்தை மக்கிய எருவோடு கலந்து போடுவது, இந்த மூன்றையும் ஒழுங்காகச் செய்கிற வீட்டில் குருணைக்குத் தேவை பெரும்பாலும் வருவதில்லை. ரோஜாவில் அசுவினிக்கு வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுவதே பாதி வேலையை முடித்துவிடும்.

அதையும் மீறி வாங்கத்தான் வேண்டும் என்றால், கடையில் பாலிதீன் கவரில் பிரித்துக் கட்டிக் கொடுப்பதை வாங்காதீர்கள். சீல் வைத்த பை, உள்ளே துண்டறிக்கை, இரண்டும் இருக்க வேண்டும். பையில் சாய்சதுரத்தின் கீழ்ப்பாதி நிறத்தைப் பாருங்கள், சிவப்பு மிகக் கொடியது, அப்புறம் மஞ்சள், நீலம், பச்சை என்று விஷம் குறைந்துகொண்டே போகும். வீட்டுக்குச் சிவப்பும் மஞ்சளும் வேண்டவே வேண்டாம். ஃபோரேட் குருணையை 2020 கடைசியோடு நாட்டிலேயே தடை செய்தாகிவிட்டது, யார் வீட்டு மூலையிலாவது பழைய பை இருந்தால் அதை எடுத்துத் தோட்டத்தில் தூவாதீர்கள். கார்போஃபியூரான் என்ற இன்னொரு மருந்தில் 3 சதவீதக் குருணை தவிர மற்றதை 2023-ல் நிறுத்தினார்கள், அந்தக் குருணையும் அதில் எழுதியிருக்கும் பயிருக்கு மட்டும்தான். பறவைகள் அதை விதை என்று நினைத்துக் கொத்தும், சின்னப் பறவைக்கு ஒரு மணியே போதும். அமெரிக்காவில் 1990-களிலேயே இந்தக் குருணையைப் பெரும்பாலும் ஒழித்ததற்குக் காரணம் செத்து விழுந்த பறவைகள்தான். நம் புல்தரைக்கு மைனாவும் கொண்டலாத்தியும் எதற்கு வருகின்றன? அந்தப் புழுவைத் தின்னத்தான்.

துண்டறிக்கையில் புல்தரை, அழகுச்செடி என்று இல்லாத மருந்தைக் கடைக்காரர் சொன்னார் என்பதற்காகப் போடாதீர்கள். இருந்தால் அளவை அப்படியே பின்பற்றுங்கள், கூடப் போட்டால் கூடப் பலன் என்பது கிடையாது. ஏக்கர் கணக்கில் எழுதியிருக்கும், அதைச் சென்ட் கணக்குக்கு மாற்ற வேண்டும். நீளத்தையும் அகலத்தையும் அடியில் அளந்து பெருக்கி, 435-ஆல் வகுத்தால் சென்ட் வரும். ஏக்கருக்கு 4 கிலோ என்றால் சென்டுக்கு 40 கிராம்தான், ஒரு கைப்பிடி அளவுகூட வராது. அதை இரண்டு படி உலர்ந்த மணலோடு கலந்தால் சமமாக விழும்.

போடுகிற அன்று ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, பூட்ஸ், மூக்கை மூடத் துணி. புல் காய்ந்திருக்க வேண்டும், ஈரமாக இருந்தால் குருணை இலையிலேயே ஒட்டிக்கொள்ளும். முடித்ததும் புல்தரையில் ஒரு தட்டை வைத்து அதில் அரை அங்குலம் சேரும் வரை மெதுவாகத் தண்ணீர் தெளியுங்கள், குருணை மண்ணுக்குள் இறங்கிவிடும். சிமெண்ட் பாதையில் சிதறியதைத் திரும்பப் புல்லுக்குக் கூட்டித் தள்ளுங்கள், குழாயால் கழுவி விடாதீர்கள்.

மலையில் இருப்பவர்கள் இதை அழுத்திப் படிக்க வேண்டும்: உங்கள் வீட்டுத் தண்ணீர் கீழ்வீட்டு ஊற்றுக்குப் போகிறது. சரிவு அதிகமாக இருந்தால், கீழே ஓடையோ ஊற்றோ கிணறோ இருந்தால், அங்கே குருணை வேண்டாம். பெருமழை வருவதற்கு முந்தின நாள் போடவே கூடாது. கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிற மழைக்கு மேல்மண்ணே நிற்காது, மருந்து எங்கே நிற்கும்? குருணையைத் தண்ணீரில் கரைத்துச் செடியில் தெளிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், தெளிப்பவருடைய உயிருக்கே ஆபத்து.

பூச்செடிக்கு என்றால் கவாத்து செய்த பிறகு, ஒரு மொட்டும் இல்லாதபோது, கிளை நிழல் விழும் வட்டத்தில் இரண்டு அங்குலம் கீறி, போட்டு, மண் மூடி, தண்ணீர் விடுங்கள். ஃபுஷியா வருஷம் முழுக்கப் பூக்கும், அதற்கு வேண்டாம். புதினா, கீரை, மரத்தக்காளி, பேரிக்காய் பக்கத்தில் இருந்தாலும் வேண்டாம், வேர்கள் வேலி பார்த்து நிற்பதில்லை. வெட்டிய புல்லை மாட்டுக்குப் போடாதீர்கள், குன்னூரில் காட்டெருமை நேராகவே வந்து மேய்கிற வீடுகளில் குருணையை மறந்துவிடுங்கள்.

நாய் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் எலும்புத்தூளோடு குருணையையும் சேர்த்து ரோஜாத் தொட்டியில் போட்டிருந்தார்கள், எலும்பு வாசனைக்கு நாய் தொட்டியையே கிளறித் தின்றுவிட்டது. அந்தப் பெட்டை நாய் வாயில் நுரை தள்ளி நடுங்கியது, மருத்துவர் வரும்வரை இருக்கவில்லை. இரண்டையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள்.

மீதியை அதே பையில், பூட்டுகிற இடத்தில் வையுங்கள், சத்துமாவு டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். கையுறையை ஓடையில் கழுவாதீர்கள். யாருக்காவது எச்சில் ஊறி, வியர்த்து, வாந்தி எடுத்து, கண்மணி சுருங்கி, மூச்சு திணறினால் வீட்டு வைத்தியம் பார்க்காமல், வாந்தி எடுக்க வைக்காமல், உடம்பில் பட்ட துணியைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவி, 108-ஐக் கூப்பிடுங்கள். மருந்துப் பையையும் கையோடு எடுத்துப் போங்கள், என்ன விஷம் என்று தெரிந்தால்தான் மருத்துவர் எந்த மாற்று மருந்து கொடுப்பது என்று உடனே முடிவு செய்ய முடியும்.