உப்புத்தண்ணி ஊரில் பழைய பியட்டைக் கண்காட்சிக்குத் தயார் செய்வது

அப்பா 1978-ல் வாங்கிய பிரீமியர் பத்மினி கார் எங்கள் வீட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் பத்மினி என்று இருந்தாலும் மதுரைக்குப் பக்கத்தில் எங்கள் ஒத்தக்கடையில் யாரும் அதை அப்படிக் கூப்பிட்டதில்லை. பியட் 1100-ன் வாரிசுதானே, அதனால் பியட்டு. நிறம் கருநீலம்.

மூன்று வருடம் முன்னால் மதுரையில் நடந்த ஒரு பழைய கார் கண்காட்சிக்கு முதன்முறையாக அதைக் கொண்டுபோனேன். முந்தைய நாள் நானே கழுவினேன், நானே தேய்த்தேன், நானே கெடுத்தேன். இடது முன் மட்கார்டு விளிம்பில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் பெயின்ட் போய் அடிப்பூச்சான பிரைமர் பல்லிளித்தது. கண்காட்சி முழுக்க அந்த இடத்தை மறைத்துக்கொண்டே நின்றேன். காரை விட என்னைத்தான் நிறையப் பேர் பார்த்திருப்பார்கள். இந்த வருடம் மறுபடியும் போனேன், இந்த முறை மறைக்க எதுவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். அம்பாசடர், ஹெரால்டு மாதிரி பழைய கார் வைத்திருப்பவர்களுக்கும் ஏறக்குறைய இதேதான்.

1. வாட்டர் சர்வீஸுக்கு விடாதீர்கள்

புது வண்டிக்கு அது சரி. கதவு, கண்ணாடி விளிம்புகளில் இருக்கும் நாற்பது வருட பீடிங் ரப்பர் அந்தத் தண்ணீர் வேகத்தைத் தாங்காது. கதவுக்குள் போன தண்ணீர் கீழே தேங்கி, உள்ளிருந்து துருப்பிடிக்கும். சில இடங்களில் அடிப்பக்கம் டீசல் அடித்துத் தருகிறேன் என்பார்கள். பளபளப்பு இரண்டு நாள் இருக்கும், ரப்பர் புஷ்ஷெல்லாம் ஊறிப்போகும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

காரை எப்படிக் கழுவுவது என்று நான் சொல்லப் போவதில்லை. மேலிருந்து கீழே, சக்கரம் கடைசி, இரண்டு வாளி. ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் துணியை அலசுவதற்கு. எங்கள் பக்கம் மேலூர் ரோட்டில் கிரானைட் தூள் பறக்கும். அதில் இருக்கும் குவார்ட்ஸ், பெயின்ட்டை விடப் பல மடங்கு கெட்டியானது. அதனால் துணி தொடும் முன் வெறும் தண்ணீரை ஊற்றித் தூசியை இறக்கிவிடுங்கள். காய்ந்த துணியால் தட்டித் துடைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். அப்பா தினமும் காலையில் அதைத்தான் செய்வார். பானட்டில் வெயில் படும்போது தெரியும் அந்த வட்டக் கோடுகள் எல்லாம் அவர் பாசத்தின் அடையாளங்கள்.

மெக்கானிக் கடையில் கிடைக்கும் பனியன் வேஸ்ட்டும் ஆகாது. என்ஜின் துடைக்க அருமையான பொருள்தான், ஆனால் அதில் தையல் முடிச்சு இருக்கும். பெயின்ட்டுக்கு மைக்ரோஃபைபர் மட்டும். விளிம்பில் தைத்த பட்டி இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். பாத்திரம் தேய்க்கும் சோப்பும் கூடாது.

2. தண்ணீர் (நான் விழுந்த இடம்)

இதைத்தான் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

முதல் வருடம் நான் செய்தது இது: மே மாதம், காலை பதினொரு மணி, போர்த்தண்ணீர், ஹோஸ் பைப். கழுவி முடித்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் கருநீலக் காருக்கு அம்மை போட்டிருந்தது. பானட், கூரை, டிக்கி எங்கும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள்.

காரணம் எளிது. வெயிலில் சூடான தகட்டில் தண்ணீர் சட்டென்று ஆவியாகும், அதில் கரைந்திருந்த கால்சியமும் மக்னீசியமும் அங்கேயே தங்கிவிடும். கெட்டிலின் அடியில் படிகிறதே, அதே வெள்ளைதான். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும் டிடிஎஸ் மீட்டர் பேனா அளவில் கிடைக்கும். எங்கள் போர்த்தண்ணீரில் விட்டுப் பார்த்தேன், 1400-க்கு மேல் காட்டியது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் அளவு 500, வேறு வழியில்லாத இடத்தில்தான் 2000 வரை. குடிக்கவே யோசிக்க வேண்டிய தண்ணீரில் நான் காரைக் குளிப்பாட்டியிருக்கிறேன்.

அப்புறம் செய்ததுதான் பெரிய தப்பு. புள்ளிகள் துணிக்குப் போகவில்லை. பட்டறையிலிருந்து, பெயின்ட்டின் மேற்பரப்பைத் தேய்த்தெடுக்கும் ரப்பிங் காம்பவுண்ட் வாங்கி வந்து தேய்க்க ஆரம்பித்தேன். உப்பு என்பது தேய்த்து எடுக்கும் பொருள் அல்ல, கரைத்து எடுக்கும் பொருள். அது தெரியாமல் விடாப்பிடியாகத் தேய்த்ததில் மட்கார்டு விளிம்பு போனது. விளிம்புகளில் பெயின்ட் இயல்பாகவே மெலிதாக நிற்கும், கை அழுத்தமும் அங்கேதான் குவியும்.

இப்போது செய்வது:

விடிகாலை ஐந்தரைக்கு ஆரம்பித்துவிடுவேன். தகட்டைத் தொட்டால் கைக்குக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். கழுவுவது போர்த்தண்ணீரில்தான், வேறு வழியில்லை. ஆனால் ஒரு பக்கத்தைக் கழுவி, அதைத் துடைக்காமல் அடுத்த பக்கத்துக்குப் போக மாட்டேன். கடைசி அலசலுக்கு ஒரு இருபது லிட்டர் கேன் தண்ணீர். பூவாளியில் ஊற்றிக்கொண்டால் பத்மினி அளவு காருக்குத் தாராளமாகப் போதும். ஊற்றிய கையோடு துடைத்துவிட வேண்டும், காற்றில் காயட்டும் என்ற பேச்சே கூடாது.

ஏற்கெனவே புள்ளி விழுந்திருந்தால், வெள்ளை வினிகரும் கேன் தண்ணீரும் சரிபாதி. துணியில் நனைத்துப் புள்ளியின் மேல் அரை நிமிடம் ஒத்தி வைத்து, உடனே நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். காயவிடாதீர்கள். முதலில் டிக்கியின் உள்விளிம்பு மாதிரி கண்ணில் படாத இடத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கும் போகாத புள்ளி பெயின்ட்டையே அரித்திருக்கிறது என்று அர்த்தம். அதற்குப் பாலிஷ்தான்.

3. தடவிப் பாருங்கள்

கழுவியதும் ஒரு மெல்லிய பாலிதீன் கவருக்குள் கையை விட்டுப் பானட்டைத் தடவுங்கள். வெறும் விரலுக்கு வழவழப்பாகத் தெரிந்த இடம் கவருக்குள்ளிருந்து ரவை கொட்டினாற்போல் இருக்கும். அதை எடுக்கத்தான் கிளே பார் என்ற களிமண் மாதிரிக் கட்டி. ஷாம்புத் தண்ணீரைத் தெளித்து, அழுத்தாமல் நேர்கோட்டில் ஓட்டுங்கள். கிளே கீழே விழுந்தால் குனிந்து எடுக்கலாம், குப்பைத்தொட்டியில் போடுவதற்கு. கழுவித் திரும்பப் பயன்படுத்தினால் மண்ணை வைத்துத் தேய்ப்பதற்குச் சமம்.

4. துணியில் நீலம் வந்தால்

வினிகர் விஷயம் புரிந்த பிறகு, லேசான பாலிஷை எடுத்துக் கையால் ஓட்டினேன். வெள்ளைத் துணி நீலமாகிவிட்டது. வயிற்றைக் கலக்கியது. இன்னொரு மட்கார்டும் போச்சு என்று நினைத்து, கீழவாசல் பக்கம் பட்டறை வைத்திருக்கும் பழைய பெயின்டர் அண்ணனிடம் துணியைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"தம்பி, இது அந்தக் காலத்து பெயின்ட்டு. மேல கிளியர் கோட் கிடையாது. கலர் வரத்தான் செய்யும். வராட்டி, நடுவுல யாரோ ரீபெயின்ட் அடிச்சிருக்காங்கன்னு அர்த்தம்."

இன்றைய கார்களில் நிறத்துக்கு மேல் ஒளிபுகும் பூச்சு ஒன்று தனியாக இருக்கும், பாலிஷ் போட்டால் அதுதான் தேயும். பழைய காரில் நிறமே மேல்தோல். வெயிலில் வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரி ஆன மேற்படலத்தைத்தான் பாலிஷ் எடுக்கிறது, அடியில் நல்ல நீலம் இருக்கிறது. நிறம் வருவது தப்பில்லை. ஆனால் வருவது உங்கள் சேமிப்பிலிருந்து வருகிறது. ஒவ்வொரு வருடமும் பாலிஷ் போட வேண்டியதில்லை, போடவும் கூடாது.

பெயின்ட்டர்கள் வைத்திருக்கும், சுழன்று பாலிஷ் போடும் ரோட்டரி மெஷினைப் பற்றி என் கருத்து: முதல் முறை செய்பவர் தொடவே வேண்டாம். ஒரே இடத்தில் சில விநாடி கூடுதலாக நின்றால் சூட்டிலேயே பெயின்ட் போகும். கை போதும். நேரமாகும், ஆகட்டும். விளிம்புகளிலும் தகட்டு மடிப்புகளிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு ஆரம்பியுங்கள். எனக்கு ஒரு பானட்டுக்கு இரண்டு மணி நேரம் ஆனது.

அதற்கு மேல் கார்னுபா என்ற பனை வகையின் இலையில் கிடைக்கும் வேக்ஸ், மெல்லிசாக, நிழலில். கனமாகப் பூசினால் பளபளப்பு அதிகமாகாது, துடைக்கக் கை வலிக்கும், அவ்வளவுதான். விலை உயர்ந்த செராமிக் கோட்டிங் பற்றிச் சொல்வார்கள். புதுக் காருக்கு வைத்துக்கொள்ளட்டும். பழைய பெயின்ட்டுக்கு வேக்ஸ் தரும் அந்த எண்ணெய்ப் பதமான ஆழம்தான் எனக்குப் பிடிக்கும்.

5. பம்பர்

பியட்டின் அழகில் பாதி குரோம். அதில் பொடிப்பொடியாகத் துரு இருந்தால், பிரியாணி பார்சல் கட்டும் அலுமினியத் தாளில் புதிதாக ஒரு துண்டு கிழித்து, தண்ணீரில் நனைத்து, லேசாகத் தேயுங்கள். அலுமினியம் குரோமை விட மிருதுவானது, அதனால் துரு போகும், முலாம் கீறாது. பெயின்ட் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு துடைத்து, வேக்ஸ்.

எங்கள் அம்மா, "புளி போட்டுத் தேய்டா, குத்துவிளக்கு மாதிரி ஆயிடும்" என்றார். பித்தளைக்குப் புளி சரி. முலாமில் ஏற்கெனவே பொத்தல் விழுந்த பம்பரில் புளியின் அமிலம் உள்ளே இறங்கி அடியில் இருக்கும் இரும்பைத் தின்னும். வெள்ளி விளக்குக்குப் போடும் திருநீற்றைக் கூட ஒரு மூலையில் போட்டுப் பார்த்தேன். கெடுதல் இல்லை, பிரயோசனமும் இல்லை.

6. உள்ளே, பானட்டுக்குள்ளே

ரெக்ஸின் சீட்டுக்கு ஈரத்துணியும் கொஞ்சம் ஷாம்புவும். தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், அரை நாளில் ஊர்ப் புழுதியெல்லாம் அதில் உட்காரும். சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டைத் தூக்கித் தரையைப் பாருங்கள். எனக்குப் பின் சீட்டுக்கு அடியில் ஒரு பழமுதிர்சோலைத் திருநீற்றுப் பொட்டலமும் மூன்று இருபத்தைந்து பைசாக் காசுகளும் கிடைத்தன. அந்தக் காசு 2011 ஜூன் முடிவோடு செல்லாமல் போனது. பொட்டலம் இன்னும் வாசனையாக இருந்தது. இரண்டையும் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

என்ஜினில் தண்ணீர் அடிக்க வேண்டாம். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் கேப்புக்குள் ஈரம் போனால் வண்டி கிளம்பாது. மண்ணெண்ணெய் தொட்ட பெயின்ட் பிரஷ், பனியன் வேஸ்ட், பொறுமை. என்ஜின் ஆறியிருக்க வேண்டும், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது. பேட்டரி முனையில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடிக்குச் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் பொங்கிக் கரையும். அதற்கு முன் இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.

டிக்கியை மறந்துவிடாதீர்கள். நான் போன இடத்தில் நடுவர் முதலில் சொன்னது, "டிக்கியைத் திறங்க". அதில் நான் துடைத்த அழுக்குத் துணியெல்லாம் இருந்தது.

7. கண்காட்சி அன்று காலை

பூஜை இல்லாமல் அம்மா வண்டியை எடுக்க விடமாட்டார். எலுமிச்சம்பழத்தால் பிரச்சினை இல்லை, சந்தனமும் குங்குமமும்தான். காய்ந்த சந்தனத்தைக் கையால் தட்டினால் கீறும், மலிவான குங்குமத்தின் சாயம் பழைய பெயின்ட்டில் இறங்கிவிடும். இப்போது நாங்கள் ஒரு சமாதானத்துக்கு வந்திருக்கிறோம்: பொட்டு, முன் கண்ணாடியில் மட்டும்.

பிறகு சேர்த்தது: இதைப் படித்துவிட்டு மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். வெள்ளைக் காராக இருந்தால் துணியில் நிறம் வருகிறதா என்று எப்படித் தெரியும்? கறுப்புத் துணியில் பாருங்கள்.

நாகமலைப் பக்கத்திலிருந்து ஒருவர், கேன் தண்ணீருக்குப் பதில் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பயன்படுத்துவதாகச் சொன்னார். நானும் மீட்டரை விட்டுப் பார்த்தேன், 30-ஐத் தாண்டவில்லை. காற்றின் ஈரம் குளிர்ந்து வருவதுதானே, உப்புக்கு அதில் என்ன வேலை. குழாயின் அழுக்கு கலந்திருக்கும் என்பதால் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். நாலைந்து நாள் குடத்தில் சேர்த்து வைப்பதாக இருந்தால் மூடி வையுங்கள், எங்கள் வீட்டில் கொசு முட்டையிட்டுவிட்டது.