அகழியைக் கண்டதும் கோட்டை என்று சொல்லிவிடாதீர்கள்

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில், அகழி சூழ்ந்த பழைய வீடு ஒன்றைப் பார்த்ததும் நம்மவர்களுக்கு முற்றுகையும் அம்புமழையும்தான் நினைவுக்கு வரும். அந்தக் கற்பனையை முதலில் விட்டுவிட வேண்டும். அந்நாட்டில் ஏறத்தாழ 6,000 அகழி மனைகள் கண்டறியப்பட்டுள்ளன. பெரும்பாலானவை 1250க்கும் 1350க்கும் இடையில் வெட்டப்பட்டவை. வெட்டியவர்களில் சிறு நிலக்கிழார்களும் வசதியான குடியானவர்களும் ஏராளம். திருடனைத் தடுக்கவும் மீன் வளர்க்கவும் தீயை அணைக்கவும் அகழி உதவியது. படையைத் தடுக்க அல்ல. ஊரார் முன் பெரிய மனிதராகத் தெரிய வேண்டும் என்ற ஆசைக்கும் இதில் கணிசமான பங்கு உண்டு.

'யாருக்குப் பயந்து வெட்டினார்கள்?' என்று கேட்பதற்கு முன் மண்ணைப் பாருங்கள். சஃபோக், எசெக்ஸ், வாரிக்ஷயர் பகுதிகளில் இவை மிகுந்திருப்பதற்குக் களிமண் ஒரு முக்கியக் காரணம். வெட்டிய பள்ளத்தில் தண்ணீர் தானே தங்கும். வெட்டிய மண்ணை நடுவில் கொட்டினால் மனை மேடாகும், ஈரமும் வடியும்.

வாரிக்ஷயரின் பேட்ஸ்லி கிளிண்டன் மாளிகைக்கு நல்ல அகழி உண்டு. 1591இல், அப்போது தடைசெய்யப்பட்டிருந்த கத்தோலிக்கப் பாதிரியார்களைத் தேடிவந்த அரசின் ஆட்களை அது தடுத்துவிடவில்லை. வீட்டுக்கு அடியிலிருந்த பழைய சாக்கடைக்குள், கால் நனைய நான்கு மணி நேரம் நின்றுதான் பாதிரியார்கள் தப்பினார்கள்.

இப்போது நிற்கும் கட்டடத்தை வைத்து அகழியின் வயதைக் கணிப்பதும் தவறு. ஹெரிஃபோர்ட்ஷயரின் லோயர் பிராக்ஹாம்ப்டனில் வீடு 1400ஐ ஒட்டிய காலத்தைச் சேர்ந்தது. அகழிமேல் நிற்கும், படமெடுக்க எல்லோரும் முண்டியடிக்கும் மரவாயிலோ 16ஆம் நூற்றாண்டினது.

தண்ணீரும் வீடும் இருந்தால்தான் அகழி மனை என்று தேடுபவர்கள் பலவற்றைத் தவறவிடுவார்கள். எத்தனையோ இடங்களில் எஞ்சியிருப்பது மேய்ச்சல் நிலத்தில் ஒரு செவ்வகப் பள்ளமும், உள்ளே போக ஒரு மண்பாலமும்தான். பிரிட்டனின் அரசு நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் வரைபடத்தில் பழங்காலப் பாணி எழுத்தில் 'மோட்' (Moat, அகழி) என்று அச்சிட்டிருப்பார்கள். அதை வைத்துத் தேடுவது எளிது.

கண்டுபிடித்த உற்சாகத்தில் மெட்டல் டிடெக்டரை எடுத்துவிட வேண்டாம். பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பட்டியலில் உள்ள இடமென்றால், அனுமதியின்றி அதைப் பயன்படுத்துவது 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நிலத்தின் உரிமையாளரே ஆனாலும் தூர்வார அனுமதி பெற வேண்டும். காற்றுப் புகாத அந்தச் சேற்றில்தான் மரத்துண்டும் தோலும் விதையும் மட்காமல் கிடக்கின்றன. குளத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று அள்ளிக் கரையில் போட்டால், சில நாளில் காய்ந்து உதிர்ந்துவிடும்.