வீட்டுத் தமிழை விடாமல் ஆங்கிலம் கற்றுக்கொடுப்பது எப்படி: வடசென்னைப் பெற்றோருக்கு

பிள்ளையை ஆங்கில வழிப் பள்ளியில் சேர்த்த மறுநாளே பல வீடுகளில் ஒரு தவறு தொடங்கிவிடுகிறது. "இனிமே வீட்ல இங்கிலீஷ்லதான் பேசணும்" என்று யாரோ சொல்ல, நேற்றுவரை கதை கதையாகப் பேசிக்கொண்டிருந்த அம்மா 'கம்', 'ஈட்', 'ஸ்லீப்' என்று மூன்று வார்த்தையோடு நிறுத்திக்கொள்கிறார். ஆங்கிலமும் வரவில்லை, இருந்த பேச்சும் போயிற்று. இதைச் செய்யாதீர்கள். உங்களுக்கு எந்த மொழியில் கோபப்படவும் கொஞ்சவும் விளக்கவும் வருமோ, அந்த மொழியில்தான் பிள்ளையோடு பேச வேண்டும்.

இந்த வழிமுறை 5 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கானது. பெற்றோருக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. தினமும் 40 நிமிடம் போதும், ஆனால் ஒரு நாளும் விடக்கூடாது.

எவ்வளவு காலம் ஆகும் என்பதை முதலில் மனதில் வையுங்கள். கனடாவில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ், புது மொழியில் விளையாட்டுப் பேச்சு பேச சுமார் 2 ஆண்டு, பாடப்புத்தக மொழியைக் கையாள 5 முதல் 7 ஆண்டு ஆகும் என்று காட்டினார். அங்கே தெருவெல்லாம் ஆங்கிலம். வியாசர்பாடியிலோ காசிமேட்டிலோ பள்ளி வாசலைத் தாண்டினால் ஆங்கிலம் காதில் விழுவதே அபூர்வம். அதனால் இரண்டாம் வகுப்பில் "இன்னும் பேசலியே" என்று பிள்ளையைத் திட்டுவது அநியாயம்.

தமிழ் வாசிப்பிலிருந்து தொடங்குங்கள். எழுத்தும் ஒலியும் சேர்ந்து சொல் ஆகிறது என்ற சூட்சுமம் ஒரு மொழியில் பிடிபட்டால் அடுத்த மொழிக்கு அது தானாக வரும். அந்தச் சூட்சுமம் காதுக்குப் பழகிய மொழியில்தான் சீக்கிரம் பிடிபடும். 247 எழுத்தையும் வரிசையாக ஒப்பிக்க வைக்க வேண்டாம். ட, ப, ம மூன்றையும் அவற்றின் புள்ளி எழுத்துகளையும் சொல்லிக்கொடுத்தாலே படம், மடம், பட்டம், மட்டம் என்று வாசித்துவிடலாம். ர சேர்த்தால் மரம், பம்பரம். வாரத்துக்கு இரண்டு எழுத்து, தினம் 15 நிமிடம். துணைக்கால், மேல்விலங்கு (கா, கி, கீ) சுலபம். கு, சு, டு, து என்று வரும்போது ஒரே உகர ஒலிக்கு ஒவ்வொரு எழுத்திலும் ஒவ்வொரு வளைவு. அதற்கு மட்டும் இரண்டு மூன்று வாரம் கூடுதலாகக் கொடுங்கள்.

பெரும்பாலான பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் கொம்பு. 'கெ' எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, ஆனால் அதன் ஒலி க்-க்குப் பின்னால் வருகிறது. பிள்ளை இடமிருந்து வலமாக நேர்மையாக வாசித்துக் குழம்புகிறது. அது அதன் தவறு அல்ல. கொம்பை உங்கள் விரலால் மறைத்து 'க' என்று சொல்ல வையுங்கள், பிறகு விரலை எடுத்து 'கெ' என்று மாற்றச் சொல்லுங்கள். பத்து நாளில் விரல் தேவைப்படாது. 'கௌ' வரிசையைக் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள்.

மூன்றெழுத்துச் சொற்களை எழுத்துக்கூட்டாமல் வாசிக்கும் நாள் வந்ததும் ஆங்கில எழுத்தைத் தீவிரமாக எடுக்கலாம். அதுவரை ஆங்கிலம் காதுக்கு மட்டும்: தினம் 10 நிமிடம் ஒரே கதையை ஒரு வாரம் முழுக்கக் கேட்பது. ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே கதை தமிழிலும் ஆங்கிலத்திலும் படத்தோடு இலவசமாகக் கிடைக்கும். முதலில் தமிழ்ப் பக்கம், பிறகு ஆங்கிலப் பக்கம் என்று மாற்றி மாற்றிப் பாருங்கள்.

இனி ஒரு கெட்ட பழக்கம். ஆங்கிலப் பாட வரிக்கு மேலே பென்சிலால் 'திஸ் இஸ் எ பிக்' என்று தமிழில் எழுதிக்கொடுப்பது. அந்த 'பிக்' பெரியதா, பன்றியா? ஆங்கிலத்தில் இரண்டுக்கும் முதல் எழுத்து வேறு, ஒலியும் வேறு. தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் ப ஒன்றுதான். வருடக்கணக்காக இப்படி எழுதிப் படித்த பிள்ளைக்குக் காது வித்தியாசத்தை விட்டுவிடும், எழுத்துப்பிழை மலையாகும்.

ஆனால் இரண்டு ஒலியும் பிள்ளையின் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன. 'பம்பரம்' என்று நிதானமாகச் சொல்லச் சொல்லுங்கள். முதல் ப வல்லினமாக வெடிக்கிறது. ம்-க்குப் பின் வரும் ப மெத்தென்று விழுகிறது. முதலாவது பன்றிக்கான ஒலி, இரண்டாவது பெரியதுக்கான ஒலி. மெத்தென்ற ஒலி தனியாக வரவில்லையென்றால் 'ம்ம்ப' என்று இழுக்க வையுங்கள். பிறகு ம்-ஐ மனதுக்குள் சொல்லிவிட்டு மிச்சத்தை மட்டும் வெளியே விடச் சொல்லுங்கள். இதே வழியில் பட்டம்–பண்டம், பக்கம்–பங்கு என்று ட, க இரண்டின் ஒலி ஜோடிகளையும் பிடித்துவிடலாம். மாலையில் ஐந்து நிமிடம், மூன்று வாரம்.

'இஸ்கூல்', 'இஸ்டேசன்' என்பதைக் கேலி செய்யாதீர்கள். சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய் சேர்ந்து வருவது தமிழில் இல்லை, அதனால் நாக்கு முன்னால் ஓர் இகரத்தைத் துணைக்கு அழைக்கிறது. 'ஸ்ஸ்ஸ்' என்று பாம்பு மாதிரி நீட்டி, மூச்சை விடாமல் 'கூல்' சேர்த்தால் சரியாகிவிடும்.

வாக்கியத்துக்கு அட்டைத் துண்டுகள். 'நான் – கடற்கரை – க்கு – போனேன்' என்று நான்கு துண்டு வெட்டி வரிசையாக வையுங்கள். ஆங்கிலத்துக்கு 'போனேன்' இரண்டாவது இடத்துக்கு ஓடும், 'க்கு' கடற்கரைக்கு முன்னால் தாவும். கையால் நகர்த்திப் பார்த்த பிள்ளைக்கு இலக்கணம் தனியாகச் சொல்ல வேண்டாம். 'போனேன்' என்ற சொல்லுக்குள்ளேயே 'நான்' ஒளிந்திருப்பதால் தமிழில் 'நான்' இல்லாமலும் பேசுகிறோம். அதே பழக்கத்தில் ஆங்கிலத்திலும் 'நான்' துண்டைப் பிள்ளை எடுத்துவிடும். அங்கே எடுக்கக்கூடாது என்பதை மட்டும் திருத்துங்கள். ஆங்கிலத்தின் 'எ', 'தி' சொற்களை விடுவது, மாற்றிப் போடுவது போன்ற பிழைகளை எட்டு வயதுவரை கண்டுகொள்ள வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை கடற்கரை நிலையத்திலிருந்து திருவொற்றியூர்வரை மின்சார ரயிலில் போய் வாருங்கள். ஒவ்வொரு நிலையப் பலகையிலும் தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றும் இருக்கும். இதைவிட மலிவான பாடப்புத்தகம் கிடையாது. வண்ணாரப்பேட்டையில் ஆங்கிலப் பெயரின் முதல் பாதி மொழிபெயர்ப்பு, 'பேட்டை' மட்டும் அப்படியே வந்திருக்கிறது. தண்டையார்பேட்டையில் மொழிபெயர்ப்பே இல்லை, ஒலி மட்டும் 'தொண்டியார்' என்று திரிந்துவிட்டது. "எந்தெந்த எழுத்து மாறியிருக்கு, கண்டுபிடி கண்ணு" என்று விடுங்கள். திரும்பி வரும்போது தங்கசாலை ஏன் ஆங்கிலத்தில் 'மின்ட்' தெரு என்று கேளுங்கள். நாணயம் அடித்த இடம் என்று தெரிந்ததும் இரண்டு சொல்லும் ஒன்றாக மனதில் பதியும்.

மூன்றாம் வகுப்புக்கு மேல் முக்கியமான பயிற்சி ஒன்றுதான். ஆங்கிலத்தில் படித்த பாடத்தைத் தமிழில் சொல்ல வேண்டும், தமிழில் கேட்டதை ஆங்கிலத்தில் நான்கு வரி எழுத வேண்டும். 1990களில் வேல்ஸ் நாட்டுப் பள்ளிகளில் வெல்ஷ் மொழிக்காக முறைப்படுத்திய உத்தி இது. சொல்வதைக் கேட்க ஆயாவை (பாட்டியை) உட்கார வையுங்கள். 'எவாபரேஷன்' என்று பிள்ளை ஒப்பித்தால், "காய வெச்ச கருவாட்டுல இருந்த தண்ணி எங்க போச்சு?" என்று ஆயா கேட்கட்டும். பிள்ளை யோசித்து "மேல போயிடுச்சு ஆயா, ஆவியா" என்று சொன்னால் பாடம் புரிந்துவிட்டது. இனி அந்த ஆங்கிலச் சொல் மறக்காது. பதில் வரவில்லையென்றால், மனப்பாடம் செய்து வாங்கிய மதிப்பெண்ணை நம்பாதீர்கள்.

தெலுங்கு பேசும் வியாசர்பாடி வீடுகள், உருது பேசும் மண்ணடி வீடுகள், மார்வாடி பேசும் சௌகார்பேட்டை வீடுகளில் மொத்தம் மூன்று மொழி. வீட்டு மொழியைப் பேச்சில் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் கற்றல் சட்டம் 2006இல் வந்தது; ஒன்றாம் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாகப் பத்தாம் வகுப்புவரை தமிழைக் கட்டாயமாக்கியது. தெருவிலும் தமிழ்தான். எனவே முதல் எழுத்து தமிழாக இருப்பது வசதி. தெலுங்கு அல்லது உருது எழுத்தை, ஆங்கிலம் ஓரளவு நிலைத்த பிறகு, எட்டு ஒன்பது வயதில் தொடங்கலாம். ஒரே மாதத்தில் இரண்டு புது எழுத்துமுறையைத் தொடங்கினால் இரண்டுமே குழம்பும்.

ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழியைக் கலந்து பேசுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எதிரே இருப்பவருக்குப் புரியும் என்று தெரிந்துதான் பிள்ளை கலக்கிறது. ஆனால் இரண்டு வயது முடிந்தும் எந்த மொழியிலும் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் மொழிகளின் மேல் பழி போடாமல் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டிக் கேட்புத்திறன் பரிசோதனை செய்யுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரே படத்தைக் காட்டி, தமிழில் ஒரு நிமிடம், ஆங்கிலத்தில் ஒரு நிமிடம் பேசவைத்துப் போனில் பதிவு செய்யுங்கள். பழைய பதிவோடு வைத்துக் கேளுங்கள். ஆங்கிலம் மெதுவாக வளர்ந்தால் பொறுத்திருக்கலாம். தமிழ்ப் பதிவில் வாக்கியம் சுருங்கி, 'அது', 'இது' என்று கை காட்டுவது கூடியிருந்தால் அந்த வாரமே டியூஷன் நேரத்தில் அரை மணியைக் குறைத்து, அதை ஆயாவின் கதைக்குக் கொடுங்கள்.