ரெயின்கோட் வாங்கும்போது முதலில் கவட்டுத் தையலைப் பாருங்கள்

கார்த்திகை பிறந்தால் என் தையற்கடைக்குச் சேலைச் சட்டை வருவது குறைந்து, கிழிந்த ரெயின்கோட் வரத் தொடங்கிவிடும். பரந்தன் சந்தியால் முல்லைத்தீவுப் பக்கம் வேலைக்கு ஓடுகிறவர்கள், விடியமுன்னம் பால் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள், ஸ்கூட்டியில் பள்ளிக்கூடம் போகிற ரீச்சர்மார் என்று எல்லாரும் வருவார்கள். ஆனால் கிழிகிற இடம் பெரும்பாலும் ஒன்றுதான், காற்சட்டையின் கவடு. ஆகவே கடையில் ஒன்றைக் கையில் எடுத்தால் நிறம், விலை எல்லாம் பிறகு. காற்சட்டையை உட்புறம் புரட்டி அந்தத் தையலைப் பாருங்கள்.

துணி எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் ஊசி போன இடமெல்லாம் ஓட்டை. நல்ல கோட்டில் தையலுக்கு மேல் உட்பக்கமாக ஒரு விரல் அகலப் பட்டியைச் சூடுவைத்து ஒட்டியிருப்பார்கள். அதன் நுனியை நகத்தால் மெல்லக் கிளப்பிப் பாருங்கள். கிளம்பி வந்தால் திரும்பவும் தொங்கவிட்டுவிட்டு வந்துவிடுங்கள். "அக்கா, ஒரு தையல் போட்டுத் தாங்கோ" என்று கொண்டுவருகிறவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான்: தைத்தால் கிழியல் மூடும், தண்ணீர் நிற்காது. உள்ளே பட்டி ஒட்டாமல் தைத்துக் கொடுப்பதில் எனக்கு விருப்பமில்லை.

அடுத்தது சிப். சிப்பால் தண்ணீர் உள்ளே வரும். அதன் மேல் அகலமான மடிப்பு ஒன்று விழுந்து, பட்டனாலோ வெல்குரோவாலோ பூட்டுப்பட வேண்டும்.

பி.வி.சி. கோட் மலிவு, சொட்டும் விடாது. ஆனால் உள்ளே வேர்த்து ஒழுகும், மடிப்பு விழுந்த இடத்தில் நாளடைவில் வெடிக்கும். உட்பக்கம் பூச்சுப் பூசிய நைலோன், பொலியெஸ்டர் கோட்டுகள் பாரமில்லாதவை. அவற்றின் சீட்டில் 5,000, 10,000 மில்லிமீற்றர் என்று போட்டிருக்கும். அவ்வளவு உயரத் தண்ணீர் மேலே நின்று அழுத்தினாலும் துணி தாங்கும் என்று அர்த்தம். மோட்டார்சைக்கிளில் காற்று மழையை அடித்து ஏற்றும், சீற்றில் உங்கள் பாரமும் அழுத்தும். நான் என்றால் 10,000க்குக் குறைந்ததை எடுக்கமாட்டேன். கடையில் கனகாலம் கிடந்த சரக்கென்றால் உட்பக்கத்தைப் பெருவிரலால் தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ வெள்ளைச் செதில் உதிர்ந்தாலோ பூச்சு போய்விட்டது.

வேர்வையை வெளியே விடும் விலை கூடிய ஜக்கெற்றுகளும் உண்டு. உள்ளே ஈரமும் சூடும் கூட, வெளியே குறைய இருந்தால்தான் அவை நன்றாக வேலை செய்யும். மார்கழி மழையில் வன்னிக் காற்றே ஊறிப்போய் இருக்கும், குளிர்நாட்டுக் குளிரும் இங்கே இல்லை. அந்தக் காசுக்குக் கமக்கட்டில் திறந்து மூடும் சிப் உள்ள சாதாரணக் கோட்டே மேல்.

ரொறன்ரோவில் இருந்து மாமா கொண்டுவந்த மொத்த ஜக்கெற்றைப் பற்றியும் கேட்பார்கள். உள்ளே வாத்து இறகு அடைத்தது நனைந்தால் கட்டிபட்டுச் சூட்டை விட்டுவிடும். அதை மாமாவுக்குக் காட்ட ஒருநாள் போடுங்கள், போதும்.

எங்கள் பக்கம் 20 பாகைக்குக் கீழே போவதே அபூர்வம். ஆனாலும் நனைந்த உடம்பில் வாடைக்காற்று பிடித்தால் நடுக்கம் நிற்காது. 2022 டிசெம்பரில் மாண்டஸ் புயல் நேரம் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் குளிரில் விறைத்துச் செத்தது நினைவிருக்கும். காற்றும் ஈரமும் சேர்ந்தால் அப்படித்தான். ஆகவே உள்ளே என்ன போடுகிறீர்கள் என்பதும் முக்கியம். பருத்திப் பெனியன் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு உடம்புச் சூட்டை இழுக்கும், ஜீன்ஸ் அதைவிட மோசம். விளையாட்டுக்குப் போடும் மெல்லிய பொலியெஸ்டர் ரீசேட், அதற்கு மேல் மெல்லிய கம்பளிச் ஸ்வெட்டர், மேலே கோட். கம்பளி நனைந்தாலும் கொஞ்சம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும்.

ரீச்சர்மாருக்கு ஒரு சொல். சேலைக்கு மேல் ரெயின்கோட் காற்சட்டை ஏறாது. போர்வை மாதிரியான பொஞ்சோவைப் போட்டால் காற்றுக்கு எழும்பி முகத்தை மூடும், சில்லுக்குள்ளும் போகும். ஸ்கூட்டியில் அது வேண்டவே வேண்டாம். ட்ராக் பொட்டம் போட்டு வந்து, சேலையைப் பொலித்தீனில் சுற்றிக் கொண்டுவந்து பள்ளிக்கூடத்தில் உடுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து அதுதான் நல்ல வழி.

வயலுக்கு இதெல்லாம் சரிவராது. குனிந்து நிமிர்ந்து வேலை செய்கிறவருக்குப் பூட்டிய கோட்டுக்குள் அவிந்துபோகும். உரப்பையின் ஒரு மூலையை மற்ற மூலைக்குள் செருகித் தலையில் போட்டால் முதுகும் நனையாது, காற்றும் போய்வரும். காலுக்கு பூட்ஸ் போட்டால் காற்சட்டையை அதற்கு வெளியே விடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கோட்டை நிழலில் கொடியில் போடுங்கள். ஈரத்தோடு மடித்துச் சீற்றுக்குக் கீழே அடைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஸ்திரிக்கைப் பெட்டியைக் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம்.

நிறம் மஞ்சள் அல்லது செம்மஞ்சள், முதுகில் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டியும் இருந்தால் நல்லது. விடியப்புறம் ஏ-9 இல் பஸ்காரருக்குக் கறுப்புக் கோட் தெரியாது. வாங்கப் போகும்போது ஹெல்மெற்றையும் கொண்டுபோங்கள். கோட்டின் தொப்பி அதற்குள் அடங்குகிறதா, தலையைத் திருப்பினால் கூடத் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கும் உங்கள் மோட்டார்சைக்கிளில் ஏறி இருந்து ஹாண்டிலைப் பிடியுங்கள். கை மணிக்கட்டுக்கு மேலேயும் கால் கணுக்காலுக்கு மேலேயும் ஏறினால் அடுத்த அளவைக் கேளுங்கள். கடைக்காரர் முகத்தைச் சுழித்தால் சுழிக்கட்டும்.