கல்லறைக் கல்லை வாசிப்பது எப்படி? நியூ இங்கிலாந்தின் பழைய இடுகாடுகளுக்கு முதல்முறை செல்பவர்களுக்காக

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள மாநிலங்களைச் சேர்த்து நியூ இங்கிலாந்து என்பார்கள். அங்கே பாஸ்டன் நகரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கிரானரி இடுகாட்டுக்குள் எப்படியும் ஒருமுறை நுழைந்துவிடுவார்கள். 1660-இல் தொடங்கிய இடம் அது. சாமுவேல் ஆடம்ஸ், ஜான் ஹான்காக், பால் ரெவியர் ஆகிய மூன்று விடுதலைப் போராட்டத் தலைவர்களும் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். பெரும்பாலோர் அந்த மூன்று இடங்களையும் படமெடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் வெளியேறிவிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கேட்பதில்லை. தலைவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள நூலகம் இருக்கிறது. செருப்புத் தைத்தவரும், கப்பலில் போனவரும், பிரசவத்தில் இறந்த பெண்ணும் சுற்றிலும் நிற்கும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கற்களில்தான் இருக்கிறார்கள். அவற்றை வாசிக்கப் பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை. கொஞ்சம் பொறுமையும் சில அடையாளங்களும் தெரிந்தால் போதும்.

படி 1: வெயில் சாய்ந்திருக்கும் நேரத்தில் போங்கள்

நண்பகலில் போகாதீர்கள். உச்சி வெயிலில் தேய்ந்த எழுத்துகள் கண்ணில் படவே மாட்டா. காலையோ பிற்பகலோ, ஒளி பக்கவாட்டிலிருந்து விழும்போது செதுக்கல்களின் நிழல் நீண்டு, எழுத்துகள் தாமாகவே எழுந்து நிற்கும். கையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி இருக்கட்டும். கல் மரநிழலில் இருந்தால், சற்றுத் தள்ளி வெயிலில் நின்று, கண்ணாடியால் ஒளியை வாங்கிக் கல்லின் பரப்பை உரசிச் செல்வதுபோல் சாய்வாக விழச் செய்யுங்கள். வெறும் பலகை என்று நான் கடந்துபோன ஒரு பளிங்குக் கல்லில் இப்படித்தான் ஒரு குழந்தையின் வயது தெரிந்தது. ஆண்டு, மாதம், நாள் என்று எண்ணி எழுதியிருந்தார்கள்.

செய்யக் கூடாதவையும் சில உண்டு. எழுத்து தெரிய வேண்டும் என்பதற்காகச் சுண்ணக்கட்டியைத் தேய்க்காதீர்கள். சவர நுரையைப் பூசாதீர்கள். கம்பி பிரஷும் பிளீச்சும் கல்லைத் தின்றுவிடும். கல்லின் மேல் தாளை வைத்துத் தேய்த்துப் படியெடுக்கும் வழக்கம் ஒரு காலத்தில் இங்கே பரவலாக இருந்தது. பாஸ்டனின் பழைய இடுகாடுகளில் இப்போது அதற்குத் தடை இருக்கிறது. பாசி மூடிய கல்லைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். அதைத் துடைப்பதற்கும் அனுமதி வாங்க வேண்டும்.

படி 2: கல் எந்த வகை என்று பாருங்கள்

பெயரைத் தேடும் முன் கல்லைப் பாருங்கள். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் நியூ இங்கிலாந்தில் நட்டவற்றில் பெரும்பாலானவை கருஞ்சாம்பல் நிற சிலேட்டுக் கற்கள். நம் பள்ளிக்கூடச் சிலேட்டுப் பலகைக்கு எடுத்த அதே வகைக் கல். மழை அதில் எளிதில் ஊறாது. கூர்மையாகச் செதுக்கிய கோடு முந்நூறு ஆண்டுகளானாலும் கூர்மையாகவே இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெண்பளிங்கு வந்தது. பார்க்க அழகு, ஆனால் அமில மழையில் கரைந்து, தொட்டால் சர்க்கரை போல் உதிர்கிறது. அதனால் 1750-ஆம் ஆண்டுக் கல்லைச் சரளமாக வாசித்துவிட்டு, 1850-ஆம் ஆண்டுக் கல்லின் முன் திகைத்து நிற்பீர்கள். அதற்குப் பின் வந்தது கிரானைட்.

நீலம் கலந்த சாம்பல் நிறத்தில், நேற்று நட்டதுபோல் ஒரு நினைவுச்சின்னம் தெரிந்தால் விரல் முட்டியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். டொக் என்று உள்ளே வெற்றிடமாக ஒலித்தால் அது கல்லே இல்லை, துத்தநாக வார்ப்பு. 'வெள்ளை வெண்கலம்' என்ற பெயரில் கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட்டில் 1874 முதல் 1914 வரை வார்த்து விற்றார்கள்.

படி 3: உச்சியில் உள்ள உருவத்தைப் பாருங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். மிகப் பழைய கற்களின் உச்சியில் இறக்கை முளைத்த மண்டையோடு இருக்கும். குனிந்து பார்த்தால் பல் வரிசையை ஒவ்வொன்றாக எண்ணலாம். பக்கத்தில் சில சமயம் மணல் கடிகாரமும் குறுக்கே வைத்த எலும்புகளும் இருக்கும். சிலுவையைத் தேடினால் கிடைக்காது. அந்த ஊர்களை நிறுவிய பியூரிட்டன் கிறித்தவர்கள் சிலுவையையும் புனிதர் உருவங்களையும் விலக்கியவர்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் அந்த மண்டையோட்டுக்குக் கன்னங்கள் வருகின்றன, கண் இமைகள் வருகின்றன. இறக்கையுள்ள மனித முகமாகிவிடுகிறது. சாவின் அச்சத்தைவிட ஆன்மா மேலே போகும் என்ற நம்பிக்கை ஓங்கியதை இந்த மாற்றத்தோடு ஆய்வாளர்கள் தொடர்புபடுத்துகிறார்கள். அந்த நூற்றாண்டின் இறுதியில் முகமும் போய், தாழியும் அதன் மேல் தொங்கும் வில்லோ மரக்கிளையும் வந்துவிடுகின்றன. இப்போது கல் பேசுவது இறந்தவரைப் பற்றி அல்ல, அழுதுகொண்டிருப்பவர்களைப் பற்றி. ஒரே இடுகாட்டில் நூறடி நடந்தால் இந்த மூன்றையும் பார்த்துவிடலாம். 1831-இல் பாஸ்டனை அடுத்த கேம்பிரிட்ஜில் திறந்த மவுண்ட் ஆபர்ன் இடுகாடு, இறந்தவர்களுக்கு ஒரு பூங்காவையே அமைத்தது. அதன் பிறகு நாடெங்கும் அதேபோல் தோட்ட இடுகாடுகள் பரவின.

படி 4: எழுத்துகளை வாசியுங்கள்

பழைய எழுத்தில் 'எஸ்' நீண்டு 'எஃப்' போலத் தெரியும், குழம்ப வேண்டாம். பெண்ணின் பெயரோடு 'கன்சார்ட்' என்று இருந்தால் கணவர் உயிரோடிருக்கும்போது இறந்தவர். 'ரெலிக்ட்' என்று இருந்தால் விதவை. '1721/2' என்று இரட்டை ஆண்டு கண்டால் அது பிழையல்ல. 1752 வரை ஆங்கிலேயர் ஆட்சியில் புத்தாண்டு மார்ச் 25-இல் பிறந்தது. அதனால் ஜனவரி, பிப்ரவரி நாள்களை இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து எழுதினார்கள். முதலெழுத்துகள் மட்டும் உள்ள சிறிய கல்லைக் குழந்தையின் கல்லறை என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது கால்மாட்டுக் கல். தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று என்று கட்டில்போல இரண்டு நட்டார்கள்.

படி 5: ஓரங்களுக்குப் போங்கள்

நடுவில் நிற்பவை வசதி படைத்தவர்களின் கற்கள். ரோட் ஐலண்டு மாநிலத்தின் நியூபோர்ட் நகரப் பொது இடுகாட்டில் ஒரு பகுதிக்குக் 'கடவுளின் சிற்றேக்கர்' என்று பெயர். ஆப்பிரிக்கர்களை அடக்கம் செய்த இடம் அது. அடிமை வாணிபத்தில் கொழித்த துறைமுகம் நியூபோர்ட். அங்கே ஒரு சிலேட்டுக் கல்லில் இருக்கும் செய்தி இவ்வளவுதான்: இந்தக் கல்லைத் தன் சகோதரன் கஃபி கிப்ஸின் நினைவாகச் செதுக்கியவன் பாம்ப் ஸ்டீவன்ஸ்; கஃபி இறந்தது 1768 டிசம்பர் 27; வயது 40.

மெதுவாக இன்னொரு முறை படியுங்கள். உடன்பிறந்தவர்கள்; ஆனால் குடும்பப் பெயர் வேறு வேறு. ஏனென்றால் அவை அவர்களை அடிமையாக வைத்திருந்த குடும்பங்களின் பெயர்கள். கஃபி என்பது கோஃபி. மேற்கு ஆப்பிரிக்காவின் அக்கான் மக்கள் வெள்ளிக்கிழமை பிறந்த ஆண்பிள்ளைக்கு வைக்கும் பெயர். பாம்ப், 1705-இல் தொடங்கிய ஸ்டீவன்ஸ் கல்தச்சுக் கூடத்தில் உளி பிடித்தவன். கல்தச்சர்கள் தங்கள் பெயரைப் பொறிப்பது அரிதாக இருந்த காலத்தில், அடிமையாக இருந்த ஒருவன் தன் பெயரைத் தன் சகோதரனின் கல்லில் தொடக்கத்திலேயே வெட்டியிருக்கிறான். ஒரு சிறிய கல்வெட்டுக்குள் இத்தனையும் அடங்கியிருக்கின்றன.

இதோடு மாசசூசெட்ஸின் கான்கார்டு நகரில் 1773-இல் இறந்த ஜான் ஜாக்கின் கல்லை ஒப்பிட்டுப் பாருங்கள். அடிமையாக இருந்து, தன் விடுதலையைத் தானே விலைகொடுத்து வாங்கியவர் அவர். 'அடிமை நாட்டில் பிறந்தும் சுதந்திரனாகப் பிறந்தான். சுதந்திர நாட்டில் வாழ்ந்தும் அடிமையாக வாழ்ந்தான்' என்று அந்தக் கல்வெட்டு போகிறது. எழுதியவர் பிரிட்டிஷ் அரசரின் பக்கம் நின்ற வெள்ளை வழக்கறிஞர் டேனியல் பிளிஸ். அடிமைகளை வைத்துக்கொண்டே சுதந்திரம் கேட்டு முழங்கிய அண்டை வீட்டார் முகத்தில் அறைவதற்காகவே எழுதிய வரிகள் அவை. சொல்லழகு அதில் இருக்கிறது. எனக்கு என்றும் பெரிதாகத் தெரிவது பாம்பின் கல்தான்.

கல்லே இல்லாத இடங்களும் உண்டு. நியூயார்க்கில் 1991-இல் அரசுக் கட்டடம் ஒன்றுக்காகத் தோண்டியபோது ஆப்பிரிக்கர்களின் இடுகாடு வெளிப்பட்டது. 419 பேரின் எச்சங்களை எடுத்து, 2003-இல் மரியாதையோடு மீண்டும் அடக்கம் செய்தார்கள்.

படி 6: கல்லைக் காகிதத்தோடு ஒத்துப் பாருங்கள்

கல்லையும் முழுதாக நம்பிவிடக் கூடாது. இறந்து பல ஆண்டுகள் கழித்து நட்ட கற்கள் உண்டு. கிரானரியில் பின்னாளில் கற்களைப் பிடுங்கி நேர்வரிசையாக நட்டுவிட்டார்கள். எனவே கல்லின் அடியில் அதற்குரியவர் இருப்பார் என்றில்லை. மாசசூசெட்ஸ் ஊர்கள் பலவற்றின் 1850 வரையிலான பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள் அச்சில் வந்திருக்கின்றன. இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். கல்லில் கண்ட பெயரையும் நாளையும் அங்கே தேடுங்கள்.

பயிற்சிக்கு ஓர் இடம் சொல்கிறேன்: மாசசூசெட்ஸின் வூஸ்டர் நகரில் 1838-இல் தொடங்கிய ரூரல் இடுகாடு. அங்கே மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீனின் கல்லைத் தேடுங்கள். 1847-இல் யாழ்ப்பாணம் போனவர். மானிப்பாயில் மருத்துவமனை நடத்தி, தமிழிலேயே மருத்துவம் கற்பித்தவர். 'இரண வைத்தியம்', 'கெமிஸ்தம்' போன்ற நூல்களைத் தமிழில் தந்தவர். 1822, 1884 என்ற ஆண்டுகளோடு, தமிழர்களுக்கு மருத்துவ நற்செய்தியாளர் என்று அந்த எளிய கல்லில் ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. காலை வெயிலில் போங்கள். கண்ணாடியை எடுத்துப்போக மறக்காதீர்கள்.