இல்லாத விலங்கை வரையும்போது

சிறுவர் கதைகளுக்குப் படம் போடுவது என் தொழில். லடாக் மலையில் நடக்கும் ஒரு கதைக்கு, யாரும் பார்த்திராத ஒரு குட்டி ஊனுண்ணி வேண்டும் என்றார்கள். முயல் மாதிரி நீளக் காதோடு புசுபுசுவென்று ஒன்றை வரைந்தேன். ஒன்பது வயது அக்கா மகள் எட்டிப் பார்த்து, "காது விறைச்சுப் போகாதா மாமா?" என்றாள். படத்தைக் கிழித்துவிட்டேன்.

அதனால் முகத்தில் தொடங்காதீர்கள், வயிற்றில் தொடங்குங்கள். 4,500 மீட்டர் உயரத்தில், ஜனவரி மாதம், இது எதைத் தின்னும்? மர்மோட் என்ற கொழுத்த கொறிவிலங்கு, குளிர்காலம் முடியும்வரை வளைக்குள் தூங்கப் போயிருக்கும். பைக்கா அப்படித் தூங்காது. முயலுக்குச் சொந்தம், எலி போலச் சின்னது, வால் வெளியே தெரியாது. ஆபத்து என்றால் கல் இடுக்கில் நுழைந்துவிடும்.

இங்கேதான் முடிவெடுக்க வேண்டும். கீரி மாதிரி நீள உடம்புள்ள குட்டி ஊனுண்ணியான வீசல் போல ஒல்லியாக வரைந்தால் பைக்காவின் பின்னாலேயே இடுக்குக்குள் போகலாம். ஆனால் ஒல்லி உடம்பில் சூடு நிற்காது; மிகச் சிறிய வீசல் ஒரு நாளைக்குத் தன் எடையில் பாதிக்குக் கிட்டத் தின்கிறது. குளிர்மலைக் காட்டுப்பூனையான பல்லாஸ் பூனை போலக் குண்டாக வரைந்தால் சூடு நிற்கும், இடுக்கில் நுழையாது, வாசலில் காத்துக் கிடக்க வேண்டும். ஒல்லியும் வேண்டும், சோம்பலும் வேண்டும் என்றால் நடக்காது. நான் குண்டைத் தேர்ந்தெடுத்தேன். வரையவும் சுலபம்!

சரி, காது. உச்சந்தலைக் கோட்டில் ஸ்கேலை வையுங்கள். காது நுனி அதைத் தாண்டக் கூடாது. பல்லாஸ் பூனைக்குக் காது பக்கவாட்டில் தாழ்ந்திருக்கும். பாறைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தால் கண்ணும் நெற்றியும்தான் தெரியும். குட்டைக் காதில் சூடும் அதிகம் போகாது.

குளிர் என்றதும் வெள்ளை அடிக்க வேண்டாம். லடாக் வறண்ட ஊர், பனி பொழிவது குறைவு, பல இடங்களில் பாறை வெறுமையாகத்தான் கிடக்கும். சாம்பல் நிறம் போதும். வாலை மட்டும் தடியாகப் போட்டேன், பனிச்சிறுத்தை செய்வதுபோல முகத்தைப் போர்த்திக்கொள்ள.

பெயர் இடுக்கன். ‘ண்’ போட்டால் துன்பம் என்றாகிவிடும், எழுத்தில் கவனம்.

திருத்திய படத்தை அக்கா மகளிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது எங்க ஆய் போகும்?" என்றாள். பாறை ஓரத்தில் சின்னதாக மூன்று புழுக்கை வரைந்து சேர்த்தேன்.