வாடை அடிக்கும் மாதங்களில் திருகோணமலையில் பிளை தூண்டில்

கார்த்திகை பிறந்தால் திருகோணமலையின் வெளிக்கரையில் வள்ளங்களை மணல்மேட்டுக்கு ஏற்றிவிடுவார்கள். உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி எல்லாம் கிழக்கையும் வடகிழக்கையும் பார்த்த கரைகள். வாடை நேரே முகத்தில் அறையும், அலை உடைந்து மணலைக் கலக்கும், லைன் காலைச் சுற்றும். அங்கே பிளை (கொக்கியில் மயிர் கட்டிச் செய்த இலேசான போலி இரை, லைனின் பாரத்தாலேயே வீசுவது) வீசப் பிடிவாதம் பிடிப்பது தோள்மூட்டுக்குத்தான் கேடு. ஆனால் வெளிக்கரை மூடுகிற அதே மாதங்களில் உட்துறைமுகமும் தம்பலகாமக் குடாவும் களப்பு வாய்களும் நன்றாக இருக்கும். இந்தக் காலத்தில் முதலில் தேட வேண்டியது ஒதுக்கு, அதாவது காற்று மறைபடும் இடம். மீன் அதற்குப் பிறகு.

ஒக்டோபர், நவம்பரில் மழையும் தாழமுக்கமும். 2020 டிசம்பர் 2 இல் புரெவிப் புயல் கரையேறியது இந்த மாவட்டத்தின் வடக்குக் கரையில்தான், ஆகவே டிசம்பர் முதல் வாரத்தையும் நம்ப முடியாது. வானிலைத் திணைக்களத்தின் கடல் அறிவிப்பில் தாழமுக்கம் என்ற சொல் இருந்தால் தடியை எடுக்க வேண்டாம். மார்கழி நடுவில் இருந்து தை முடியும்வரை காற்று ஓரளவு ஒரே சீராக அடிக்கும், மழை விட்டுவிட்டுப் பெய்யும். மாசியில் இரண்டும் தணியும். காற்று மணிக்கு 15 கிலோமீற்றருக்குள் என்றால் எங்கும் வீசலாம். 25 வரை ஒதுக்கில் மட்டும். 30 தாண்டினால் வீட்டில் இருந்து பிளை கட்டுவது நல்லது.

ஒரு நாளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. இரவில் தரை குளிர்ந்து நிலக்காற்று கடலை நோக்கி நகரும், அது வாடையைச் சற்றுத் தடுக்கும். காலை ஐந்தரை முதல் ஒன்பது, ஒன்பதரை வரை தண்ணீர் அமைதியாக இருப்பது இதனால்தான். தரை சூடேறியதும் கடற்காற்று வாடையோடு சேர்ந்துகொள்ளும். பகல் பதினொரு மணிக்கு வந்து "காற்று அதிகம்" என்று குறைப்படுவோர் பலர்.

எங்கே நிற்பது

துறைமுகத்தின் கிழக்கே நீளும் மலைப்பாங்கான நிலத்துண்டு வாடையை மறிக்கிறது. அதன் மேற்குப் பக்க உட்குடாக்களில் வெளியே 25 கிலோமீற்றர் காற்று அடிக்கும்போதும் நீர் சிற்றலையோடு நிற்கும். ஆனால் கடற்படையின் எல்லைகளும் துறைமுக அதிகார சபையின் எல்லைகளும் அங்கே நிறைய. பலகை இல்லாத இடத்திலும் முதலில் காவலரிடம் கேட்டுவிட்டே இறங்குங்கள். புறாத்தீவு தேசிய பூங்கா, அங்கே தூண்டில் போடக் கூடாது.

சீனக்குடாவுக்கும் கிண்ணியாவுக்கும் இடைப்பட்ட கரைகளே பிளைக்கு ஏற்றவை. 2009 இல் திறந்த கிண்ணியாப் பாலத்துக்குக் கீழே தம்பலகாமக் குடாவின் நீர் ஏறி இறங்கும். பாலத்தின் மேல் நின்று வீசாதீர்கள், பின்வீச்சில் கொக்கி மோட்டார் சைக்கிள்காரரின் முகத்துக்குப் போகும். பாலத்துக்கு இரண்டு பக்கமும் கரையோரமாக நடந்து, ஓடும் நீரும் நிற்கும் நீரும் உரசும் கோட்டைத் தேடுங்கள். கொட்டியாரக் குடாவின் தென்கரை, அதாவது மூதூர்ப் பக்கம், வாடைக்குத் திறந்தது. மாசியில் காற்று தணியும்வரை அதை விட்டுவிடலாம்.

இங்கே வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள உயர வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. திறந்த கரையில் அது பெரிதாகத் தெரியாது, ஒடுக்கமான வாய்களில்தான் தெரியும். பறுவத்தையும் அமாவாசையையும் ஒட்டிய மூன்று நான்கு நாட்களில், வற்று தொடங்கி முதல் இரண்டு மணி நேரம் களப்பு வாயில் நிற்கப் பாருங்கள். இறாலும் சூடையும் வெளியே இழுபடும். கொடுவாவும் செம்பல்லியும் ஓட்டத்தின் ஓரத்தில் மூக்கை எதிர்நீருக்குத் திருப்பிக் காத்திருக்கும்.

தண்ணீரின் நிறம்

மழைக்குப் பிறகு மகாவலியின் கிளைகளும் சிற்றாறுகளும் செந்நீரைக் கொண்டுவரும். பலர் கலங்கல் என்று திரும்பிப் போய்விடுவார்கள். நன்னீர் இலேசானது, உப்புநீரின் மேல் படலமாகப் பரவும். மேலே பால் தேநீர் நிறத்தில் இருந்தாலும் ஒரு முழம் கீழே தெளிந்த உப்புநீர் இருக்கலாம், மீன் அங்கேதான் கிடக்கும். மிதக்கும் லைனில் பிளை செம்மண் படலத்துக்குள்ளேயே சுற்றி வரும், ஒன்றும் தொடாது. மெதுவாக அமிழும் இன்டர்மீடியட் லைன் விநாடிக்கு ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர் இறங்கும். வீசிவிட்டுப் பதினைந்து வரை எண்ணி இழுங்கள், அடுத்த வீச்சில் இருபத்தைந்து, பிறகு நாற்பது. தொட்ட எண்ணை நினைவில் வைத்து அதையே திரும்பச் செய்யுங்கள்.

பெருமழைக்கு மறுநாள் வாழைத்தண்டும் குப்பையும் மிதந்து வரும், அன்று பயனில்லை. இரண்டாம், மூன்றாம் நாளில் சிவப்பும் பச்சையும் பிரியும் கோடு தெளிவாகும். பச்சைப் பக்கத்தில் நின்று கோட்டுக்குக் குறுக்கே வீசுங்கள். முழங்கால் நீரில் உங்கள் பாதம் தெரியாவிட்டால் கறுப்பு அல்லது கரு ஊதா பிளை. அது வானத்துக்கு எதிராக நிழலாகத் தெரியும். பாதம் தெரிந்தால் வெள்ளையும் இளம்பச்சையும்.

தடி, லைன், லீடர்

9 அடித் தடி, 9 ஆம் எண் (எண் ஏற ஏறத் தடியும் லைனும் பாரமானவை). அமைதியான காலத்தில் 8 போதும், வாடையில் அது நெளியும். ரீலில் லைனுக்குப் பின்னால் சுற்றும் மெல்லிய நூலான பெக்கிங், 30 இறாத்தல் இழுவை தாங்குவது, 200 மீற்றர். குடாவுக்குள்ளும் இடைக்கிடை பெரிய பாரை வரும், பெக்கிங் குறைவென்றால் லைனையே பறிகொடுப்பீர்கள். லைன் வெப்ப வலயத்துக்கென்று செய்ததாக இருக்க வேண்டும். குளிர்நாட்டு லைன் இங்கத்தைய வெயிலில் குழைந்து வளையங்களில் ஒட்டும், பத்து மீற்றருக்கு மேல் போகாது. மார்கழி என்றாலும் இது வெப்பக்கடல்தான்.

லைனுக்கும் பிளைக்கும் இடையே வரும் லீடரைத் தங்கூசியிலேயே கட்டலாம். 50 இறாத்தல் 90 சென்ரிமீற்றர், 30 இறாத்தல் 45, 20 இறாத்தல் 45. நுனியில் 40 இறாத்தல் துண்டு 30 சென்ரிமீற்றர். கொடுவாவின் செவுள் மூடி கத்தி போன்றது, அந்தத் தடித்த துண்டு இல்லாவிட்டால் முதல் துள்ளலிலேயே அறுந்துவிடும். சீலா திரியும் இடத்தில் அதற்குப் பதில் 15 சென்ரிமீற்றர் கம்பி. எல்லாம் சேர்த்து இரண்டு மீற்றரை ஒட்டியே வரும். எதிர்காற்றில் நீண்ட லீடர் விரியாமல் குவியலாக விழும். பிளையைக் கண்ணி முடிச்சில் கட்டுங்கள், இறுக்கிக் கட்டினால் தடித்த தங்கூசி அதை அசையவிடாது.

பிளை இரண்டு வகை போதும். ஒன்று சின்னமீன் போன்ற, ஈயக்கண் வைத்த கிளவ்சர், 1/0 அளவுக் கொக்கியில். மான்வால் மயிர் கிடைக்காவிட்டால் நீண்ட வெள்ளாட்டு மயிர் அருமையாக வேலை செய்யும். கொக்கித் துளைக்கு 8 மில்லிமீற்றர் பின்னால் கண்ணைக் குறுக்குக் கட்டாகக் கட்டி ஒரு சொட்டு பசை விடுங்கள், இல்லாவிட்டால் மூன்றாம் மீனிலேயே கண் சுழலும். மயிரின் நீளம் கொக்கித் தண்டைப்போல இரண்டரை மடங்கு. குறைவாக வையுங்கள், வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிய வேண்டும். இன்னொன்று பழுப்பு நிற இறால் பிளை, களப்பு வாய்க்கு. கொக்கி முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள், காற்று நாளில் அது உங்கள் காதிலும் ஏறலாம்.

காற்றில் வீசுவது

எதிர்காற்றென்றால் பின்வீச்சை உயரவும் முன்வீச்சைத் தாழவும் விடுங்கள், லைன் நீர்மட்டத்தை ஒட்டி ஒடுங்கிய வளையமாகப் போக வேண்டும். இன்னும் பலம் போடத் தோன்றும். அப்படிச் செய்தால் தடிநுனி வளைந்து இறங்கி, லைன் தன்னையே வெட்டி, லீடரில் முடிச்சு விழும். அந்தச் சின்ன முடிச்சோடு தங்கூசியின் பலம் பாதியாகும். பத்து வீச்சுக்கு ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள்.

வலக்கைக்காரருக்கு வலப்பக்கக் காற்று ஆபத்து, பிளை முதுகுக்கு வரும். முதுகைக் கடலுக்குத் திருப்பி நின்று, பின்வீச்சையே கடலுக்கு விட்டுவிடுங்கள். பார்க்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் பதினைந்து மீற்றர் போகும், அது போதும். இழுத்த லைனை நீரில் விடாதீர்கள். அடியில் ஐந்தாறு துளை போட்ட பிளாஸ்டிக் பேசினை இடுப்பில் கட்டி, உள்ளே நாலைந்து பிளாஸ்டிக் கட்டுநாடாக்களை நிமிர்த்தி நாட்டினால் லைன் சிக்காமல் கிடக்கும்.

பாரைக்கும் கட்டாவுக்கும் தடியைக் கக்கத்தில் இடுக்கி இரண்டு கையாலும் விரைந்து இழுங்கள். கொடுவாவுக்கு முழங்கை நீளம் ஓர் இழுப்பு, இரண்டு விநாடி நிறுத்தம். கொத்தும்போது தடியைத் தூக்குவது எல்லாருக்கும் வரும் பிழை, பிளை வாயிலிருந்து வெளியேறிவிடும். தடி மீனை நோக்கியே இருக்க, லைனை நீளமாக இழுத்துக் கொக்கியை ஏற்றுங்கள்.

கலங்கல் நீரில் காலைத் தேய்த்துத் தேய்த்து நடங்கள், திருக்கை விலகும். குத்தினால் தாங்கக்கூடிய சுடுநீரில் காலை வைத்தபடி ஆசுபத்திரிக்குப் போங்கள். கண்டல் ஓரத்திலும் ஆற்று வாயிலும் முதலை உண்டு, இருட்டில் நீரில் இறங்க வேண்டாம். பேத்தை மாட்டினால் நீண்ட குறட்டால் கழற்றி விடுங்கள், அதன் பல் தங்கூசியைக் கொறித்திருக்கும், நுனித் துண்டை மாற்றுங்கள். அதை உண்ணக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் ரீலின் பிரேக்கை இறுக்கிவிட்டு நன்னீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். குழாயைப் பீய்ச்சினால் உப்பு உள்ளே போகும். துடைத்துக் காயவைத்த பிறகு பிரேக்கைத் தளர்த்தி வையுங்கள்.